34,000 கிலோமீட்டரா, 61,000 கிலோமீட்டரா? காட்பாடியில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய நிகழ்வு

பின்னணி

2024 ஜனவரியில் தொடங்கிய விஷயம் இது. காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவருக்கு வாரம் இரண்டு முறை வேலூர் டவுனில் உள்ள மருத்துவமனையில் டயாலிசிஸ். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் 2009-ல் வாங்கிய சின்ன மேனுவல் கார் ஒன்று இருந்தது. அதை அவரே நன்றாக ஓட்டுவார். ஆனால் இடது முழங்காலில் தேய்மானம் வந்த பிறகு கிளட்சை மிதிப்பது வேதனையாகிவிட்டது. விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், புது பஸ் ஸ்டாண்டு என்று அந்த வழியில் சாயங்காலம் போனவர்களுக்குத் தெரியும்: ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் காலை கிளட்சிலிருந்து எடுக்கவே முடியாது.

ஆட்டோவில் போய்ப் பார்த்தார்கள். போகும்போது பிரச்சினையில்லை. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் மனிதரை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு வருவதுதான் சரிப்படவில்லை.

நான் முன்பு ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். தெரிந்தவர்கள் பழைய கார் பார்க்கப் போனால் கூடப் போவது வழக்கம். அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பார்த்த கார்களின் கம்பெனிப் பெயர்களைச் சொல்லவில்லை. கண்ட குறைகள் எல்லாம் அந்தந்த வண்டி உழைத்த விதத்தால் வந்தவை, தயாரிப்பால் வந்தவை அல்ல.

கேட்டதும் தேவையும்

"நாலு லட்சத்துக்குள்ள ஒரு ஆட்டோமேட்டிக் பாருங்க தம்பி, கிலோமீட்டர் கம்மியா இருக்கணும்." டீச்சர் கேட்டது இவ்வளவுதான். புதிது வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தார். அப்போது இருந்ததிலேயே சிறிய ஆட்டோமேட்டிக் காரைப் புதிதாக எடுத்திருந்தாலும் ரோட்டுக்கு வரும்போது ஆறு லட்சத்தைத் தாண்டியிருக்கும். போதாக்குறைக்கு 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி உயர்ந்து, ஐந்து லட்சம் வரையிலான புதுக் காருக்கு 12 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம் என்று ஆகியிருந்தது. ஓய்வுக்காலப் பணத்தில் அவ்வளவு போட அவருக்கு மனமில்லை.

ஆண்டுக்கு எவ்வளவு ஓடும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மருத்துவமனை, கடை கண்ணி, எப்போதாவது சென்னை. எல்லாம் சேர்த்து ஆறாயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஊர்ந்து போகும் ஓட்டம். இந்த ஒரு தகவல்தான் பின்னால் வந்த பல முடிவுகளுக்கு அடிப்படை.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, இந்த விலையில் கிடைப்பவை இரண்டு வெவ்வேறு ஜாதி. ஒன்று ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். 2014 பிப்ரவரியில் செலேரியோவோடு நம் ஊர்ச் சிறிய கார்களுக்கு வந்து, அப்புறம் ஆல்டோ கே10, வேகன்ஆர், க்விட், டியாகோ என்று பரவியது. இதில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் அப்படியே உள்ளே இருக்கின்றன. நம் காலுக்குப் பதிலாக, கணினி இயக்கும் ஓர் ஆக்சுவேட்டர் கிளட்சை விலக்கிச் சேர்க்கிறது. பெடல் இல்லாததால் கிளட்சே இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நெரிசலில் ஊரும்போது அந்தப் பிளேட் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று டார்க் கன்வெர்ட்டர். பழைய ஐ10, கிராண்ட் ஐ10, பிரியோ ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. உலர் கிளட்ச் பிளேட் கிடையாது. நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும், உதறாது. பதிலுக்குப் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பெரிய பழுது வந்தால் செலவும் பெரிது. சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கார்களும் சில கண்ணில் பட்டன. பட்ஜெட்டுக்குள் வந்தவை நிறைய உழைத்த வண்டிகள் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொரு நிபந்தனையை நான் சேர்த்தேன்: ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள ரகமாக இருக்க வேண்டும். 2016 மே மாதம் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத செலேரியோவும் க்விட்டும் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. 2019-க்கு முந்தைய சிறு கார்களில் ஒரே மாடலிலேயே ஏர்பேக் உள்ள ரகமும் இல்லாத ரகமும் கலந்து கிடக்கும். ரகத்தின் பெயரை மட்டும் நம்பாமல் ஸ்டீயரிங்கில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா, சாவி போட்டதும் மீட்டரில் அதற்கான விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கார்கள்

பல விளம்பரங்களைத் தள்ளியபின் மூன்று மிஞ்சின.

முதல் கார்: ஒரு லிட்டர் ஏஎம்டி, 2017 நடுவில் பதிவு, 34,000 கிலோமீட்டர், சென்னையில் ஓடியது. புரோக்கர் ஒருவர் வேலூருக்கே கொண்டுவந்திருந்தார். கேட்ட விலை 3.85 லட்சம். "லேடி டாக்டர் ஓட்டின வண்டி மேடம்" என்றார். புரோக்கர்கள் சொல்வதை நம்பினால் வேலூரில் விலைக்கு வரும் கார்களில் பாதி டாக்டர்கள் ஓட்டியவைதான்.

இரண்டாவது கார்: 1.2 லிட்டர், நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர், 2015 மார்ச்சில் பதிவு, 61,000 கிலோமீட்டர், டிஎன் 23 (வேலூர்) எண். சத்துவாச்சாரியில் வங்கி அதிகாரி ஒருவரின் ஒரே கை வண்டி. கேட்ட விலை 4.10 லட்சம்.

மூன்றாவது பெங்களூர் பதிவு, ஏஎம்டி, 2.95 லட்சம்தான். வேலூரில் இந்த ஆசை வராதவர் குறைவு. ஒரு பக்கம் பெங்களூர், இன்னொரு பக்கம் சித்தூர். கேஏ, ஏபி எண் வண்டிகள் மலிவாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த மாநில ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியைத் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது விற்றவரும் ஆர்டிஓவும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் உட்காருகிறவர் அந்த அலைச்சலையும் சேர்த்து ஏற்க வேண்டாம் என்று, நேரில் பார்க்காமலேயே அதைத் தள்ளிவிட்டோம்.

பார்த்தபோது தெரிந்தவை

முதல் காரில் முதல் கவலை தண்ணீர். மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மாதிரி வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூருக்கு வருவது புதிதல்ல. நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம். சாதாரணமாக உள்ளே சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில்தான் சேற்றுத் தண்ணீரின் கோடு நிற்கும். யாரும் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. கோடு இல்லை. முன் சீட்டின் தண்டவாளத்தில் துரு இல்லை. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் பாயைத் தூக்கினால் வண்டல் இல்லை, வாடையும் இல்லை. தண்ணீர் பார்க்காத வண்டிதான்.

கிலோமீட்டரும் பொய்யல்ல. டயர் பக்கவாட்டில் 1417 என்று நான்கு இலக்கம்: 2017-ன் பதினான்காவது வாரத்தில் தயாரானவை. ஐந்து டயரிலும் அதே காலத்து எண்கள், பட்டன் (தரையில் பிடிக்கும் வரிகள்) பாதிக்கு மேல் மீதி. ஆக, கம்பெனி டயரோடு 34,000 ஓடியது என்பதை நம்பலாம். பட்டன் இருந்தாலும் ஏழு வருட ரப்பர் என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம்.

நெருடியது பிரேக் பெடல். 34,000 கிலோமீட்டர் வண்டியில் பெடல் ரப்பரின் வலது ஓரம் வழவழவென்று தேய்ந்து, வரிகள் மறைந்திருந்தன. அதே ரப்பரின் இடது பக்கம் புதுசு போல இருந்தது. குறைந்த தூரத்தை நிறைய நேரம், நிறைய முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிளட்ச் ஒரு முறை விலகிச் சேர்ந்திருக்கும்.

மெக்கானிக் பாய் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர், "சூடா இருக்கு, ஆற விடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி பல குறைகளை மறைத்துவிடும். ஆறியபின் ஸ்டார்ட் செய்து சமதரையில் ஓட்டியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் காட்பாடி ரயில்வே மேம்பாலப் பக்கம் ஒரு சாய்வான இடத்தில், ரிவர்ஸில் மெதுவாக மேடு ஏற்றச் சொன்னார். வண்டி உடம்பு முழுக்க ஓர் உதறல். மறுபடி செய்தபோது கருகிய வாடை. "கிளட்ச் இன்னும் கொஞ்ச நாள்தாண்ணா. நேர் ரோட்ல சொல்லாது, ரிவர்ஸ்ல மேடு ஏத்தினா சொல்லிடும்." காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு ஏதும் இல்லை. ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காட்டும் அளவு எல்லைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய் என்றார்கள். ஏஎம்டியில் கிளட்ச் மாற்றினால் அதோடு முடியாது. புது பிளேட் எங்கே பிடிக்கிறது என்பதைக் கணினிக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது கிளட்சும் உதறும். அந்தக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது.

இரண்டாவது காரை ஒரு காலை நேரத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே பார்த்தோம். இதிலும் குறை இல்லாமல் இல்லை. முன் பம்பர் பெயிண்ட் அடித்தது. இடது முன் கதவில் விரலால் தட்டினால் சத்தம் மந்தமாக வந்தது. பட்டி பார்த்த கதவு. விசாரித்ததில் பைக் ஒன்று உரசியது என்றார் உரிமையாளர், கிளெய்ம் பேப்பரும் வைத்திருந்தார். கதவு, தூண், பானெட் இவற்றின் இடைவெளிகள் சீராக இருந்தன. பானெட் உள்பக்க போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஆக, பெரிய அடி வாங்கிய வண்டி அல்ல.

பிரேக்கை மிதித்து டி-யில் (முன்னே போகும் கியர்) வைத்தால் ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வு. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இரண்டு தளர்ந்திருந்தன. ஆர்-லிருந்து (ரிவர்ஸ்) டி-க்கு மாற்றினால், குளிர்ந்த நிலையில், வண்டி பிடிக்க ஒரு கணம் தாமதம். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தோம்: சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி நிறத்தில் இருந்தது. நல்லவேளையாகக் கருகல் வாடை இல்லை, உலோகத் துகள் இல்லை. ஸ்கேனரிலும் கியர்பாக்ஸ் குறியீடு இல்லை.

61,000 கிலோமீட்டர் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு நல்ல சாட்சி கிடைத்தது. ஃபாஸ்டேக் கணக்கை மொபைலிலேயே திறந்து காட்டினார். பள்ளிகொண்டா டோல் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் வேலையாக இருந்தபோது நெடுஞ்சாலையில் போய் வந்த ஓட்டம். ஒரே வேகத்தில், டாப் கியரில் ஓடிய கிலோமீட்டர். சென்னை நெரிசலின் ஒரு கிலோமீட்டரும் பள்ளிகொண்டா சாலையின் ஒரு கிலோமீட்டரும் கியர்பாக்ஸுக்கு ஒன்றல்ல. மீட்டருக்கு மட்டும்தான் ஒன்று.

கணக்கு

புரோக்கர் இறங்கி வந்து முதல் காருக்கு 3.60 என்றார். இரண்டாவது காரின் உரிமையாளர் 3.72-க்கு வந்தார். பார்வைக்கு முதல் கார் 12,000 ரூபாய் மலிவு, இரண்டு வருடம் புதுசு, ஓட்டமும் பாதி.

இதோடு உடனடிச் செலவைக் கூட்டினேன். முதல் காருக்கு கிளட்ச் 21,000, நான்கு டயர் 16,000, இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் 14,000. ஆக 4,11,000. இரண்டாவதுக்கு கியர்பாக்ஸ் ஆயில் 6,500, மவுண்ட் 7,000, பேட்டரி 5,000, இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் அதே 14,000. டயர்களை 2022-ல்தான் மாற்றியிருந்தார். ஆக 4,04,500. மலிவு என்று நினைத்தது 6,500 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது என்றாலும் டீச்சர் சரி என்றார்.

பெட்ரோல் கணக்கு மாறாக வந்தது. நகருக்குள் ஏஎம்டி லிட்டருக்கு 16, டார்க் கன்வெர்ட்டர் 11 என்று வைத்தோம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று 375 லிட்டர், மற்றது 545. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 17,000 வித்தியாசம். ஐந்து வருடத்தில் 85,000. இடையில் ஏஎம்டிக்கு இன்னொரு கிளட்ச் போட்டாலும் பணக்கணக்கில் முதல் கார்தான் ஜெயிக்கிறது. இதை டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன். பழைய கார் வாங்குவது கணக்கு வாத்தியார் வேலை மட்டும் என்றால் இங்கேயே முடித்திருக்கலாம்.

பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தது

இதுவரை இரண்டு கார்களையும் ஓட்டியவர்கள் டீச்சர், நான், மெக்கானிக். கார் யாருக்காக வாங்கப்படுகிறதோ அந்தக் கணவர் எதிலும் உட்காரவில்லை. டயாலிசிஸ் முடிந்த ஒரு சாயங்காலம் முதல் காரிலும், அடுத்த முறை இரண்டாவதிலும் அவரை வீட்டுக்குக் கூட்டிவர ஏற்பாடு செய்தோம். புரோக்கர் முனகினார். சிறு அட்வான்ஸ் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்.

ஏஎம்டியில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு சின்ன இடைவெளி வரும். இழுவை நின்று மறுபடி வரும். ஓட்டுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் அந்த மாற்றம் எத்தனையோ முறை நடந்தது. பின்னால் இருந்தவர் கைப்பிடியை விடவே இல்லை. "ஒவ்வொரு வாட்டியும் தலை முன்னாடி போயிட்டு வருதுப்பா, குமட்டுது" என்றார். கிளட்ச் புதிதாகப் போட்டால் உதறல் குறையும். கியர் மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டுக்கொடுத்தால் ஆட்டமும் குறையும். டீச்சர் அதையும் செய்து பார்த்தார். குறைந்தது, போகவில்லை.

இரண்டாவது காரில் அவர் பாலாற்றுப் பாலத்துக்கு முன்பே தூங்கிவிட்டார்.

முடிவும் பேப்பர் வேலையும்

இரண்டாவது கார் என்று டீச்சரே முடிவு செய்தார். நான் அதற்கு ஒத்துப்போனதற்குக் காரணங்கள்: வண்டியின் முழு வரலாறும் ஒரே கையில் இருந்தது, குறைகள் என்ன விலைக்குச் சரியாகும் என்று தெரிந்தது, டி-யில் பிடிக்கும் தாமதம் பழைய ஆயிலோடு பொருந்தியது. கடைசி விஷயத்தில் ஓர் ஆபத்து இருக்கத்தான் செய்தது. ஆயில் மாற்றியும் தாமதம் போகாவிட்டால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிவரும். அதற்காக, பணம் கொடுக்கும் முன் நம் செலவிலேயே ஆயிலை மாற்றிப் பார்க்கலாம், சரியாகாவிட்டால் அந்த 6,500 நமக்கு நஷ்டம், வண்டி வேண்டாம் என்று உரிமையாளரிடம் பேசினோம். அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, சரி என்றார். மாற்றிய மறுநாள் காலையில் ஆர்-லிருந்து டி-க்குப் போட்டதும் பிடித்தது.

பேப்பரில் ஒரு சிக்கல். கார் கடன் 2019-லேயே முடிந்திருந்தது, ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. வங்கியில் வேலை பார்த்தவரின் ஆர்சியே இப்படி. வங்கியிலிருந்து கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-ம் வாங்கிய பிறகுதான் உரிமை மாற்றம் நடக்கும். 3,47,000-ஐக் கொடுத்து வண்டியை எடுத்து, மீதி 25,000-ஐ வங்கிப் பெயர் நீங்கியதும் தருவதாக எழுதிக்கொண்டோம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து. சலான் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்ததில் ஒரு நோ பார்க்கிங் அபராதம் இருந்தது, அவரே கட்டினார்.

இன்சூரன்ஸ் ஆகஸ்ட் வரை இருந்தது. அதைப் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றினோம். விற்றவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். நான் கூட்டிய 14,000-ல் இதுவும் அடக்கம். ஆர்சி 2030 மார்ச் வரை செல்லும், அதற்குப் பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஆறு வருடம் போதும் என்றார் டீச்சர்.

பிறகு நடந்தது

மவுண்ட் இரண்டும் மாற்றியபின் அதிர்வு போனது. கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு முறை வடித்து ஊற்றினால் பழையது முழுதாக வராது. கன்வெர்ட்டருக்குள் நிறையவே தங்கிவிடும். ஆகவே கொஞ்சம் ஓடியபின் இன்னொரு முறை வடித்து மாற்றினோம். இரண்டாம் முறை வந்தது நல்ல சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

கத்தரி வெயிலில் ஒரு பிரச்சினை தலைகாட்டியது. மே மாதம் வேலூரில் வெயில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களில், ஓடும்போது நன்றாகக் குளிர்ந்த ஏசி, சிக்னலில் நின்றதும் அனல் காற்றாக வீசியது. கேஸ் குறைவு என்று ஒரு பட்டறையில் சொல்லிக் கேஸ் ஏற்றினார்கள், சரியாகவில்லை. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் வேகம் குறைந்திருந்ததுதான் காரணம். வண்டி ஓடும்போது எதிர்காற்று ஏசியின் கண்டென்சரைக் குளிர்வித்துவிடும், நின்றால் ஃபேன்தான் கதி. மோட்டாருக்கு 3,800 ரூபாய், வீணாக ஏற்றிய கேஸுக்குத் தனி.

மைலேஜ்தான் கணக்கைப் பொய்யாக்கியது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்ததில் நகருக்குள் ஏசியோடு 9.8. சென்னை போய் வந்தபோது 15. சின்னச் சின்னத் தூரம், இன்ஜின் சூடேறும் முன் முடிந்துவிடும் ஓட்டம், பார்க்கிங்கில் அவர் வரும்வரை ஏசி போட்டு நிறுத்தி வைப்பது எல்லாம் சேர்ந்த எண் அது. 11 என்று போட்ட கணக்கில் ஆண்டுக்கு 17,000 என்றிருந்த வித்தியாசம், இந்த எண்ணை வைத்தால் 24,000-க்குப் பக்கத்தில் போகிறது. அதே வழியில் ஏஎம்டியும் 16 கொடுத்திருக்காது என்பதால் உண்மை வித்தியாசம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். டீச்சருக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. பங்க்கில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வரும்.

2025 தொடக்கத்தில் பார்த்தபோது கியர்பாக்ஸில் குறை ஏதும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஓட்டுவதால் கூடவில்லை. நான் தள்ளிய முதல் காரை வேறொருவர் வாங்கி கிளட்ச் மாற்றியதாக மெக்கானிக் பாய் சொன்னார். பேரத்தில் கிளட்ச் காசைக் கழித்துக்கொண்டிருந்தால் அவருக்கு அது நல்ல வண்டிதான். தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் என்று கேள்வி.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

ஏசியை ஜனவரிக் காலையில் பார்த்ததால் ஒன்றும் தெரியவில்லை. வேலூரில் வாங்கும் காரை எந்த மாதமானாலும் நடுமதியத்தில், பானெட்டை மூடி, டி-யில் பிரேக்கை மிதித்தபடி இருபது நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். ஃபேன், பேட்டரி, மவுண்ட், கியர்பாக்ஸ் சூடு எல்லாம் அதிலேயே வெளியே வந்துவிடும்.

மைலேஜை விற்பவர் சொல்லிலிருந்தோ பொதுவான எண்ணிலிருந்தோ எடுக்காமல், வாங்கப்போகிறவர் அன்றாடம் போகும் வழியிலேயே ஒரு முறை நிரப்பி அளக்க வேண்டும். உரிமையாளர் ஒத்துக்கொண்டால் இரண்டு நாள் வண்டியைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. அட்வான்ஸ் எழுதும்போதே இதையும் ஒரு வரியாக எழுதலாம்.

பயணியை உட்காரவைத்துப் பார்ப்பதை முதலிலேயே செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஏஎம்டி கார்களைப் பார்க்கச் செலவிட்ட நேரத்தில் இன்னும் இரண்டு டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளை ஒப்பிட்டிருக்கலாம், பேரத்திலும் கொஞ்சம் குறைந்திருக்கும். இப்போது யாராவது ஆட்டோமேட்டிக் என்று வந்தால், பட்ஜெட் கேட்பதற்கு முன் யார் எங்கே உட்காருவார்கள், எந்த வழியில், எந்த நேரத்தில் என்றுதான் கேட்கிறேன். ஆர்சியின் போட்டோவையும் வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன். வங்கிப் பெயர் அதிலேயே இருக்கும்.